மாதச் சந்தாவில் வந்த கணவன்மார்கள்

ஆவுடையாபுரத்துப் பெண்களின் கணவர்கள் சினிமாவில் தெரிய ஆரம்பித்தது ஒரு புதன்கிழமை மேட்னி ஷோவில். முதலில் பார்த்தவள் பக்கத்து வீட்டு சபூரா அக்கா. கதாநாயகன் பஸ் ஸ்டாண்டில் காதலியைத் தேடி ஓடிக்கொண்டிருக்க, அவனுக்குப் பின்னால், பழக்கடையை ஒட்டி, குவைத்தில் அந்நேரம் தண்ணீர் லாரி ஓட்டிக்கொண்டிருக்க வேண்டிய அவளுடைய வீட்டுக்காரர் கைலியோடு நின்று மூக்கைச் சொறிந்துகொண்டிருந்தார். அக்கா கத்தவில்லை, எழுந்திருக்கவில்லை. கடைத்தெருவில் யாரையோ பார்த்ததைச் சொல்வது போல, "இங்க பாரு எமல்டா, எங்க வீட்டு ஆளு சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிறத," என்றாள். நான் பார்த்தேன். அவர்தான். பஸ் கிளம்பியது, கதாநாயகன் அழுதான், பழக்கடை மறைந்தது, நாங்கள் இடைவேளையில் பப்ஸ் தின்றோம்.

அந்த வாரத்துக்குள் எல்லோருடைய ஆட்களும் வந்துவிட்டார்கள். கமலவேணி தியேட்டரில் எந்தப் படம் ஓடினாலும், அதில் நாலு பேர் கூடுகிற இடம் ஒன்று வந்தால், கோர்ட்டோ கல்யாணமோ சாவு வீடோ கட்சிக்கூட்டமோ, அங்கே எங்கள் ஊர் ஆண்கள் நின்றார்கள். துபாயில் பெயிண்ட் அடிக்கிறவர் ஜுரம் வந்த நீதிபதிக்குப் பின்னால் டவாலியாக நின்றார், கத்தாரில் சமைக்கிறவர் வில்லனின் கார்க் கதவைத் திறந்துவிட்டார். என் பெலிக்ஸ் வந்தது ஒரு கல்யாணப் பாட்டில். கதாநாயகி சுற்றிச் சுற்றி ஆட, வலது ஓரத்தில், பந்தியில், கையில் சாம்பார் வாளியோடு, யாருக்கு ஊற்றுவது என்று தெரியாமல் நின்றார். அத்தை, அவருடைய அம்மா, என் கையைப் பிடித்து நசுக்கினாள். "வீட்டுல ஒரு டம்ளர் தண்ணி எடுத்துக் குடிக்க மாட்டான். பரிமாற விட்டுட்டாங்க பாரு."

ஏன் என்று யாரும் கேட்கவில்லை. பாதி வீடுகளில் ஆண்கள் அக்கரையில் இருக்கிற ஊர் எங்களுடையது. முன்பு கடிதம் வந்தது, பிறகு டேப் ரிக்கார்டர் கேசட்டில் குரல் வந்தது, பிறகு ஃபோனில் முகம் வந்தது, இப்போது ஆள் வருகிறார் என்று எடுத்துக்கொண்டோம். அங்கே அவர்கள் அந்த நேரத்தில் வேலையில்தான் இருந்தார்கள் என்று போர்மேன்கள் சொன்னார்கள். இங்கேயும் நின்றார்கள். இரண்டும் நடந்தது. அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் காலையில் கால் மட்டும் வலித்ததாம், திருவிழாவில் விடிய விடிய நின்றவர்களுக்கு வலிப்பது போல.

ஃபோன்தான் இருக்கிறதே என்று வெளியூர்க்காரர்கள் கேட்டார்கள். ஃபோனில் வருகிறவர் வெளிச்சம் விழுகிற பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து, தண்ணீர் தொட்டுத் தலை வாரி, நல்லா இருக்கேன், சாப்பிட்டேன், நீ சாப்பிட்டியா என்பார். திரையில் வருகிறவர் யாரும் பார்க்காததாக நினைத்து நிற்கிறவர். மேலத்தெரு மும்தாஜின் அண்ணனுக்கு இடது கையில் ஒரு விரல் இல்லை என்பது, அவர் ஒரு படத்தில் ஓட்டுப் போட நின்றபோதுதான் தெரிந்தது. அவள் அன்று ஃபோனில் கத்திய கத்தலில் அவர் அந்த விரலைப் பற்றி முதல்முறையாக அழுதார்.

ஊர் தன்னை மாற்றிக்கொண்டது. ஃபாதர் சாயங்கால ஜெபத்தைத் தள்ளி வைத்தார், பள்ளிவாசல் மதரஸா கொஞ்சம் முன்னால் விட்டது, பெண் வீட்டுக்காரர்கள் வெளிநாட்டு மாப்பிள்ளையைப் பார்க்கத் தரகரோடு டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்து, ஆள் உயரம் போதாது என்று இடைவேளையில் எழுந்து போனார்கள். ரசிகர் மன்றத்துப் பையன்கள்தான் கொஞ்ச நாள் சண்டை பிடித்தார்கள். "அக்கா, தலைவர் என்ட்ரி, கொஞ்சம் சும்மா இருங்கக்கா." அதற்கு சபூரா அக்கா, "உங்க தலைவர கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுடா தம்பி, எங்க வீட்டு ஆள மறைக்கிறாரு," என்பாள். பட்டணத்தில் விருது வாங்கிய ஒரு படம், கணவனும் மனைவியும் ஒரே வீட்டுக்குள் பேசிக்கொண்டே இருக்கிற படம், எங்கள் ஊரில் ஒரே காட்சியோடு தூக்கப்பட்டது. கூட்டம் இல்லாத கதை எங்களுக்கு எதற்கு?

என் மகள் செரின், பெலிக்ஸ் விமானம் ஏறிய பிறகு பிறந்தவள். ஃபோனைக் காட்டினால் என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். அந்த முகம் அவளுக்கு ஏதோ ஒரு மாமா. தியேட்டரில்தான் ஒருநாள், நூறு பேர் நிற்கிற சந்தைக் காட்சியில், கருவாட்டுக் கூடைகளுக்குப் பின்னால் குனிந்து நிமிர்ந்த ஒருவரைக் கைநீட்டி, "ப்பா" என்றாள். நான் அதை அவரிடம் சொன்னேன். குவைத்தில் வெல்டராக இருந்த அவர் இன்னொரு முறை சொல்லச் சொன்னார். பிறகு, "என்ன டிரஸ் போட்டிருந்தேன்?" என்று கேட்டார்.

அன்றிலிருந்து தினமும் கேட்டார். "இன்னிக்கு என்ன வேஷம்? பாப்பா பார்த்தாளா? கையக் காட்டினாளா?" போலீஸ் என்றால் சந்தோஷம். பிணம் தூக்கினார் என்றால், "போச்சுடா," என்று சிரிப்பார். வெல்டிங் புகையில் கம்மிப்போன சிரிப்பு.

இந்தச் சமயத்தில்தான் சென்னையிலிருந்து ஒரு கம்பெனி வந்து தியேட்டரைக் குத்தகைக்கு எடுத்தது. சுவருக்கு வெல்வெட் அடித்தார்கள், பப்ஸை நிறுத்திவிட்டுப் பாப்கார்ன் போட்டார்கள், குடும்பச் சந்தா என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். மாதம் ஒருமுறை பணம் தானாகப் போய்விடும், எத்தனை காட்சி வேண்டுமானாலும் பார்க்கலாம். ஒரு கிலோ ஆட்டுக்கறி விலைகூட இல்லை. ஃபோன் தெரியாத பெண்களுக்கெல்லாம் பழைய மேனேஜர் வாசகம் அண்ணனே உட்கார்ந்து ஏற்றிக் கொடுத்தார். "ஒரு தடவ அமுக்கினா போதும்மா. அப்புறம் அது பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கும்." அது பாட்டுக்குப் போய்க்கிட்டே இருந்தது.

முதல் ஏற்றம் ஏசிக்காக என்றார்கள். சரி, குழந்தைகள் நன்றாகத் தூங்குகின்றன என்று கட்டினோம். இரண்டாவது ஏற்றம் வந்தபோது கட்டாதவர்களும் பழைய சந்தாவிலேயே தொடரலாம் என்று பெருந்தன்மையாக எழுதியிருந்தது. தொடர்ந்தவர்களின் ஆண்கள் பின்னால் போய்விட்டார்கள். தூண் மறைத்தது, குடை மறைத்தது, யானை மறைத்தது. அத்தை ஒரு படம் முழுக்கக் கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு, "முட்டிக்குக் கீழ மட்டும் தெரியுதுடி. செருப்பு அவனோடதுதான்," என்றாள். புதுச் சந்தா கட்டியவர்களின் ஆண்கள் கதாநாயகனின் தோளை உரசிக்கொண்டு நின்றார்கள்.

நாங்கள் சண்டைக்குப் போனோம். வாசகம் அண்ணன் கைகளை விரித்தார். "ஏம்மா, நானா அவங்கள நிறுத்தி வைக்கிறேன்? கம்பெனி சொல்றத நான் சொல்றேன். அவங்கவங்க ஆளு அவங்கவங்க சந்தாவுக்குத் தக்கபடி நிக்கிறாங்க."

"யானைய யாருண்ணே சந்தா கட்டிக் கொண்டாந்தா?" என்றாள் சபூரா அக்கா.

கட்டினோம். கட்டாமல் இருக்க முடியாததற்குக் காரணம் பூங்கோதை. அவளுடைய சந்தா ஒரு மாதம் அறுந்துபோனது, வங்கியில் ஏதோ தகராறு. அந்த மாதம்தான் அவளுடைய கணவர் சாரத்திலிருந்து விழுந்தார். வெள்ளைத் துணி சுற்றிய பெட்டி வந்த அன்று ஊரே கூடி நின்றது. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் அன்றிரவே எல்லா வீட்டிலும் முடிவாகிவிட்டது, பார்த்துக்கொண்டிருக்கிற வரைக்கும் அவர்களுக்கு ஒன்றும் ஆகாது என்று. அதற்குப் பிறகு நாங்கள் படம் பார்க்கப் போகவில்லை. காவலுக்குப் போனோம். காய்ச்சலோடு போனோம், பால் கட்டிய மார்போடு போனோம், வயிற்றுப் போக்கு எடுத்த பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு போனோம். ஒரு ஆளுக்கு ஒரு ஜோடிக் கண்ணாவது இருக்கட்டும் என்று முறை வைத்து, மாமியார் மேட்னி, மருமகள் ஈவினிங் ஷோ என்று உட்கார்ந்தோம். நாடார் கடையில் நின்றபடியே தூங்குகிற பெண்கள் என்று எங்களைப் பக்கத்து ஊர்க்காரர்கள் கேலி செய்தார்கள்.

மூன்றாவது ஏற்றத்துக்கு ஆண்கள் ஓவர்டைம் எடுத்தார்கள். நான்காவதற்கு வெள்ளிக்கிழமை விடுமுறையைக் கொடுத்தார்கள். சபூரா அக்கா ஒருநாள் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டே சொன்னாள்: "அவரு சம்பாதிச்சு அனுப்புறாரு. நான் அவரப் பார்க்கச் செலவழிக்கிறேன். நான் அவரப் பார்க்கணும்னு அவரு இன்னும் கொஞ்சம் சம்பாதிக்கிறாரு. இதுக்கு அவரு இங்கயே இருந்து என்னோட சண்டை போட்டிருக்கலாம்."

திரையில் அவர்கள் சோர்ந்துபோனார்கள். கல்யாணப் பாட்டில் கொட்டாவி விட்டார்கள். கட்சிக்கூட்டத்தில் கை தட்டும்போது இரண்டு கைகளும் சந்திக்கவில்லை. பெலிக்ஸின் இடது தோள் இறங்கிக்கொண்டே வந்தது, யாரோ அதில் ஒரு வாளியைத் தொங்கவிட்டு எடுக்க மறந்தது போல. கேட்டேன்.

"அது நடிப்பு எமி," என்றார்.

"விளையாடாதீங்க. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் நிக்கிறீங்க?"

"நீ ஏன் அதெல்லாம்... இங்க பாரு, சந்தா மறுபடி ஏறுதாமே? என் ரூம்ல இருக்கிற தென்னரசு வீட்டுல சொன்னாங்களாம். நான் ஒப்பந்தத்த இன்னும் ஒரு வருஷம் நீட்டிக்கலாம்னு இருக்கேன். பேசிட்டேன்."

"டிசம்பர்ல வர்றேன்னு சொன்னீங்க."

"வந்துட்டா அப்புறம் பாப்பா என்னத் திரையில எப்படிப் பார்ப்பா?"

அவர் அதைச் சொல்லி முடித்த பிறகும் அதிலுள்ள தவறு அவருக்குத் தெரியவில்லை. அத்தைக்கும் தெரியவில்லை. "ஒரு வருஷம்தானே. தினம் பார்த்துக்கிட்டேதானே இருக்கோம்," என்றாள். நான் பயந்துபோனேன். அந்தப் பயத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் குழந்தைக்குச் சோறு பிசைந்துகொண்டே இருந்தேன், சோறு களியாகிற வரைக்கும்.

அந்த வாரம் ஒரு பக்திப் படம் வந்தது. அதில் தேர் இழுக்கிற காட்சி இருக்கிறது என்று கேள்விப்பட்டு ஊரே வந்திருந்தது, ஏனென்றால் தேருக்கு எவ்வளவு ஆண்கள் வேண்டும்! வந்தார்கள். வடத்தின் இரண்டு பக்கமும், எங்கள் தெரு, மேலத்தெரு, பள்ளிவாசல் தெரு, எல்லோரும். கதாநாயகன் தேர்த்தட்டில் ஏறி நின்று ஊர் ஒற்றுமையைப் பற்றி வசனம் பேச ஆரம்பித்தான். பெலிக்ஸ் வடத்தில் தலையைச் சாய்த்தார். முன்னால் நின்றவருடைய முதுகில் இன்னொருவர் சாய்ந்தார். சபூரா அக்காவின் லாரிக்காரர் சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்கிற கட்டையில் உட்கார்ந்து வாயைத் திறந்துகொண்டார். கொஞ்ச நேரத்தில் அத்தனை பேரும் தூங்கிவிட்டார்கள். தேர் நின்றுவிட்டது. கதாநாயகன் தூங்குகிற ஊரைப் பார்த்துக் கர்ஜித்துக்கொண்டிருந்தான்.

ரசிகர் மன்றத்துப் பையன் ஒருவன் வாயில் விரலை வைத்து விசிலடிக்கப் போனான். பத்துப் பெண்கள் அவன் கையைப் பிடித்து இறக்கினார்கள். யார் சொன்னது என்று தெரியவில்லை, ஆபரேட்டர் வசனத்தின் சத்தத்தைக் குறைத்தார், பிறகு முழுக்க நிறுத்தினார். நாங்கள் உட்கார்ந்து அவர்கள் தூங்குவதைப் பார்த்தோம். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "தூங்கட்டும்," என்று பின்னால் யாரோ சொன்னார்கள். "தூங்கட்டும், தூங்கட்டும்," என்று வரிசை வரிசையாக அது முன்னால் வந்தது. எனக்குத் தெரிந்து நாங்கள் அந்தத் தியேட்டரில் சந்தோஷமாக இருந்தது அந்த ஒரு காட்சிக்குத்தான்.

மறுநாள் காலை எல்லோருடைய ஃபோனிலும் கம்பெனியின் செய்தி வந்தது. அன்பான வாடிக்கையாளரே, உங்கள் வரவேற்புக்கு நன்றி, அடுத்த மாதம் முதல் உறக்கக் காட்சிகள் சிறப்புச் சந்தாவில் மட்டும். பழையதைப்போல் இரண்டு மடங்கு.

நான் அதை இரண்டு முறை படித்தேன். அவர் தூங்குவதை நான் பார்ப்பதற்கு அவர் தூங்காமல் உழைக்க வேண்டும். குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு தியேட்டருக்கு நடந்தேன். சந்தாவில் சேர ஃபோன் போதும், விலக நேரில் வர வேண்டும்.

வாசகம் அண்ணன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "காரணம் போடணும்மா. என்னன்னு போட?"

"அவர் தூங்கணும்."

"அப்படி ஒரு காரணம் இதுல இல்லம்மா. ஊர் மாறிப் போறது, இறப்பு, ரெண்டுதான் இருக்கு." அவர் குரலைத் தாழ்த்தினார். "பூங்கோதைய நினைச்சுப் பாரு. பச்சப்புள்ளக்காரி நீ. ஒரு மாசம் பொறுத்துக்க."

"ஊர் மாறிப் போறதுன்னு போடுங்கண்ணே. மாறி வரட்டும்."

சபூரா அக்கா எனக்கு முன்பே தியேட்டர் வாசலில் வந்து நின்றிருந்தாள். ஊருக்குள் செய்தி என்னைவிட வேகமாக நடந்திருந்தது. "கிறுக்கு பிடிச்சிருக்காடி உனக்கு? அந்த மனுசன இருட்டுல விட்டுட்டு வர்றியே."

"அக்கா, பூங்கோதை வீட்டுக்காரர் விழுந்தது நாம பார்க்காததாலயா? ரெண்டு ஷிப்டு சேர்த்து நின்னதாலயா?"

அக்கா களைத்துப்போன குரலில், "தெரியாதுடி," என்றாள். "தெரியாததுக்குத்தான காசு கட்டுறோம்." என் இடுப்பிலிருந்து செரினை வாங்கி, வெயில் படாமல் தன் துப்பட்டியை அவள் தலையில் போட்டு, வீடு வரைக்கும் ஒன்றும் பேசாமல் தூக்கிக்கொண்டு வந்தாள்.

அத்தை பேசினாள். என்னைக் கொலைகாரி என்றாள், கான்வென்ட்டில் படித்த திமிர் என்றாள், தன் இளைய மகன் வீட்டுக்குப் போய்விடுவேன் என்று பையை எடுத்து வைத்தாள். போகவில்லை. ஜெபமாலையை எடுத்துக்கொண்டு, தியேட்டர் இருக்கிற திசையைப் பார்த்து உட்கார்ந்தாள்.

பெலிக்ஸிடம் அன்று சாயங்காலமே சொன்னேன். முதலில் அவருக்குப் புரியவில்லை.

"நிறுத்திட்டியா? அப்ப நான் எங்க நிப்பேன்?"

"எங்கயும் நிக்க வேணாம். படுங்க."

"பாப்பா என்ன மறந்துருவா எமி."

"மறந்தா வந்து ஞாபகப்படுத்துங்க. அழுவா. கடிப்பா. பழகிக்குவா. நீங்க ஒரு வருஷத்த நீட்டினா நான் அந்த ஒரு வருஷமும் இங்க உட்கார்ந்து உங்க தோள் இறங்குறத எண்ணிக்கிட்டு இருக்கணும். என்னால முடியல. எனக்கு உங்களப் பார்க்க வேணாம். நீங்க வேணும்."

அவர் ஃபோனை வைத்துவிட்டார். கோபமா அழுகையா, எனக்குத் தெரியவில்லை. மறுநாள் அவர் கூப்பிடவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. தியேட்டரிலிருந்து வருகிற பெண்கள் எங்கள் வாசலைக் கடக்கும்போது குரலைத் தணித்துக்கொண்டார்கள். புதுப்படத்தில் பெரிய சந்தை வருகிறது, எல்லோரும் இருக்கிறார்கள், உன் வீட்டுக்காரரைத்தான் காணோம் என்று ஒருத்தி, ஆறுதல் சொல்கிற முகத்தோடு, சொல்லிவிட்டுப் போனாள். குழாயடியில் தண்ணீர் வழிந்து தெருவுக்கு ஓடியதை யாரோ சொல்லித்தான் பார்த்தேன். கடவுளே, நான்தான் தள்ளிவிட்டேனோ, என் கையால்தான் தள்ளிவிட்டேனோ என்று சுற்றிச் சுற்றி அதுவே வந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம், குக்கரை அடுப்பில் வைத்துவிட்டு, நானே கூப்பிட்டேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி கூப்பிட்டேன். ஜெபமாலையில் அத்தையின் விரல் ஒரே மணியில் நின்றுவிட்டது. மூன்றாவது முறை யாரோ எடுத்தார்கள். அவர் குரல் இல்லை.

"அக்கா, நான் தென்னரசு. ரூம்ல கூட இருக்கேன்ல."

"அவர் எங்க?"

"இருக்காருக்கா."

"எங்க இருக்காரு? என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலக்கா. இன்னிக்கு ஓவர்டைம் வேணாம்னு நேத்தே போர்மேன்கிட்ட சொல்லிட்டாரு. வருஷம் நீட்டுறதுக்குக் கொடுத்த பேப்பரையும் திருப்பி வாங்கிட்டாரு. ரெண்டு நாளா யார்கிட்டயும் பேசல. நேத்து வந்து படுத்தவருதான்க்கா, செருப்பக்கூடக் கழட்டல. நானும் அப்பப்போ மூக்குல கைய வச்சுப் பார்த்துக்கிட்டுதான் இருக்கேன். எழுப்பவா?"

"எழுப்பாதீங்க," என்றேன். "எழுப்பாதீங்க தம்பி. ஃபோன மட்டும் பக்கத்துல வச்சிட்டுப் போங்க."

அத்தை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னடி சொல்றான்?"

"தூங்குறாராம் அத்தை."

"பகல்லயா?"

ஃபோனை அவள் காதில் வைத்தேன். அவள் கேட்டாள். கடல் தாண்டி, கரகரவென்று, நடுவில் ஒரு இடத்தில் தடுக்கி விழுந்து மறுபடி எழுந்து நடக்கிற அந்தக் குறட்டையை அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். அவள் முகம் மெல்ல மெல்லத் தளர்ந்தது. தட்டை வைத்துத் தரையில் தட்டிக்கொண்டிருந்த செரினைப் பார்த்துக் கண்ணை உருட்டி, "உஸ்... சத்தம் போடாத," என்றாள்.

குக்கர் விசில் வரப்போகிற நேரம். நான் ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன்.